பத்து வருட அனுபவம் இருக்கிறது. வெடிவைக்கச் சான்றிதழும் வேண்டுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒரு கல் குவாரியில் பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதலில் துளையிடும் இயந்திரத்தில் இருந்தேன். பிறகு வெடிவைப்பவருக்கு உதவியாளனானேன். இன்று துளைகளில் வெடிமருந்து இறக்குவது முதல் அதை வெடிக்கச் செய்யும் டெட்டனேட்டரை இணைப்பது வரை எல்லாம் நான்தான். சான்றிதழ் பெற்றவர் காலையில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு குவாரிக்குப் போய்விடுவார். இப்போது முதலாளி, 'உன் பெயரிலேயே ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம், தேர்வெல்லாம் தேவையில்லை, ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்' என்கிறார். என் அனுபவமே போதாதா? முறையாகப் பெற என்னென்ன கேட்பார்கள்? இருபது வயதில் என் மீது ஓர் அடிதடி வழக்கு இருந்தது. அபராதம் கட்டி முடித்துவிட்டேன். துளையிடும் வேலையால் இடது காது சற்று மந்தம். இவை தடையாகுமா? இந்தச் சான்றிதழை வைத்து வெளிநாட்டில் வேலை தேடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சான்றிதழ் பெற்றவர் அருகில் இல்லாத நேரத்தில் மருந்து இறக்குவதையும் டெட்டனேட்டர் இணைப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். சான்றிதழுக்கு விண்ணப்பித்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்று ஒரு கல் பறந்து போய் யார் மீதாவது விழுந்தால், பதிவேட்டில் இருக்கும் கையெழுத்து அவருடையது, வேலை செய்த கை உங்களுடையது. விசாரணையில் அவர், 'நான் இல்லாதபோது அவன் தானாகச் செய்துவிட்டான்' என்று சொன்னால் அதை மறுக்க உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை தந்தது காதும் இல்லை, வழக்கும் இல்லை, இந்த ஏற்பாடுதான்.

உதவியாளராக வேலை செய்வதில் எந்தத் தவறும் இல்லை. பல நாடுகளில் இந்தத் தொழிலுக்குள் நுழைகிற வாசலே அதுதான். ஆனால் உதவியாளர் என்றால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அமெரிக்காவில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்க வேலைகளுக்கான கூட்டாட்சி விதிகள், சான்றிதழ் இல்லாமல் வெடிவைப்புக் குழுவில் இருப்பவருக்குச் சான்றிதழ் பெற்றவரே நேரில் வழிகாட்டிப் பணியிடப் பயிற்சி தர வேண்டும் என்கின்றன. தன் பொறுப்பைச் சான்றிதழ் இல்லாத ஒருவரிடம் அவர் ஒப்படைக்கக் கூடாது என்றும், சான்றிதழை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. பிரிட்டனின் 1999ஆம் ஆண்டுக் குவாரி விதிமுறைகளும் பயிற்சியில் இருப்பவர் தகுதி பெற்ற வெடிவைப்பாளரின் நேரடிக் கண்காணிப்பில்தான் வேலை செய்ய வேண்டும் என்கின்றன. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவது கண்காணிப்பு ஆகாது. அவர் தன் சான்றிதழை உங்கள் குவாரிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

நீங்கள் எந்த நாட்டில் வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் எல்லா இடங்களுக்கும் பொதுவாகப் பொருந்துவதைச் சொல்கிறேன். சில நாடுகளின் விதிகளை உதாரணமாகத் தருகிறேன். உங்கள் இடத்து விவரத்தை அங்குள்ள உரிம அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதில் பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் முதலாளியும் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். வெடிபொருளை வாங்கவும் கிடங்கில் வைக்கவும் நிறுவனம் பெறும் உரிமம் ஒன்று. அதைக் கையில் தொடுகிற மனிதர் நம்பத் தகுந்தவர்தானா என்று அரசு பார்க்கும் பின்னணிச் சோதனை வேறொன்று. அவருக்கு வேலை தெரியுமா என்று பார்க்கும் தேர்ச்சிச் சான்றிதழ் இன்னொன்று. சில நாடுகளில் ஒரே அலுவலகம் இவை அனைத்தையும் பார்க்கிறது. பல இடங்களில் வெவ்வேறு அலுவலகங்கள். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுப் பாதுகாப்பான வெடிபொருள் சட்டத்துக்குப் பிறகு, வேலையின் பகுதியாக வெடிபொருளை வைத்திருக்கும் ஊழியர்கள் அனைவரும் கூட்டாட்சி அமைப்பின் பின்னணிச் சோதனைக்கு உட்படுகிறார்கள். கிடங்குச் சாவியை வைத்திருப்பவரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் வெடிபொருளை வைத்திருப்பவர்தான். ஆனால் அந்தச் சோதனையில் தேறிவிட்டதால் அவருக்கு வெடிவைக்கத் தெரியும் என்று ஆகிவிடாது. வெடிவைப்பாளர் உரிமத்தை மாநிலங்கள் தனியாகப் பார்த்துக்கொள்கின்றன. இந்தியாவில் சுரங்கச் சட்டத்தின் கீழ் வரும் இடங்களுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் வழியாக வரும் பிளாஸ்டர் (வெடிவைப்பாளர்) சான்றிதழ் வேண்டும். அதன் தலைமையகம் தன்பாத்தில் இருக்கிறது. சுரங்கம் அல்லாத வேலைகளுக்கு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி ஷாட்ஃபயரர் பர்மிட் என்ற வெடிவைப்பு அனுமதியை வழங்குகிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்துத் தவறான அலுவலகத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வேலையிடம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: பத்து ஆண்டு அனுபவம் போதாதா?

அனுபவம் கட்டாயம் வேண்டும். அது இல்லாதவரைத் தேர்வுக்கே அனுமதிக்காத இடங்கள் உண்டு. ஆனால் உங்கள் பத்து ஆண்டில் எதை எத்தனை முறை செய்தீர்கள் என்பதோடு எதைப் புரிந்துகொண்டு செய்தீர்கள் என்பதையும் தேர்வாளர் பார்ப்பார். ஒரு வாய்மொழித் தேர்வு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். உங்களைப் போலவே நீண்ட அனுபவம் உள்ளவர் வந்து உட்காருவார். துளைக்குள் எப்படி இறக்குவது, எப்படி அடைப்பது என்று கேட்டால் கை தானாக அசைந்து காட்டும். அந்தக் கையில் ஒரு குறையும் இருக்காது. அடுத்த கேள்வி: "வெடித்து முடிந்தது. புகை அடங்கிவிட்டது. எல்லாத் துளைகளும் வெடித்தன என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" "சத்தத்தை எண்ணுவேன்" என்பார். "இப்போது துளைகள் மில்லி விநாடி இடைவெளியில் வெடிக்கின்றனவே, எப்படி எண்ணுவீர்கள்?" பதில் வராது. உண்மையில் அவர் பல ஆண்டுகளாக வெடித்து விழுந்த கற்குவியலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருப்பார். ஓரிடத்தில் பாறை அசையாமல் நிற்கும், கற்கள் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கிடக்கும், வெடிக்காத மருந்தோ, வெடியைத் தூண்டும் குழாயின் துண்டோ கண்ணில் படும். கண்ணுக்குத் தெரிந்தது வாயில் வரவில்லை. வாயில் வராததைப் புதிதாக வந்த உதவியாளருக்குச் சொல்லித்தர முடியாது. பதிவேட்டிலும் எழுத முடியாது. "அவசரமாக லாரி நிற்கிறது, சீக்கிரம் போகச் சொல்" என்று நெருக்கும் மேலாளரிடம் காரணத்தோடு மறுக்கவும் முடியாது.

வெடிக்காமல் நின்ற துளை பற்றிய கேள்வியில்தான் அனுபவசாலிகள் அதிகம் தடுமாறுகிறார்கள். யாரைத் தடுப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, யார் மட்டும் அருகில் போகலாம், யாருக்குத் தெரிவிப்பது, அடுத்த ஷிஃப்டுக்கு எழுத்தில் எப்படி ஒப்படைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது. 'நாங்கள் வழக்கமாக இப்படித்தான் செய்வோம்' என்று தொடங்கும் பதிலைத் தேர்வாளர் கவலையோடுதான் கேட்பார். வழக்கம் என்பது இதுவரை விபத்து நடக்கவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது.

பாடத்திட்டத்தில் என்ன இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் முன்பு சொன்ன அமெரிக்க நிலக்கரிச் சுரங்க விதிகளில் இருக்கும் பட்டியல், நாட்டுக்கு நாடு சொற்கள் மாறினாலும், பெரும்பாலும் நடைமுறையில் ஒன்றுதான்: வெடிபொருள் வகைகளும் அவற்றின் தன்மையும், எதை எங்கே தேர்ந்தெடுப்பது, தூண்டும் முறைகள், வெடிப்புத் திட்டம், மருந்து இறக்குதல், நில அதிர்வும் காற்றதிர்ச்சியும், பறக்கும் கல், எச்சரிக்கை ஒலியும் அறிவிப்பும், பதிவேடு, முன்கூட்டி எதிர்பார்க்க முடியாத ஆபத்துகள். கடைசியாகச் சொன்னதில் மின்னல், தரையில் கசியும் மின்சாரம், வானொலி அலைகள், வெடிக்காத துளைகள் எல்லாம் வருகின்றன. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் மருந்து இறக்குதல் மட்டும்தான் உங்களுக்குக் கரதலப்பாடம். அதிர்வு, திட்டம், சட்டம் ஆகியவற்றுக்கு நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். கணக்கும் வரும், பெரிய கணக்கு இல்லை. ஒரு துளைக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, அருகிலுள்ள வீடு எவ்வளவு தூரம், அந்தத் தூரத்துக்கு ஒரே நேரத்தில் எவ்வளவு வெடிக்கலாம் என்ற அளவில் இருக்கும். பயப்படாதீர்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பலர் இந்தக் கணக்கைப் போட்டுத் தேறியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சான்றிதழ் எல்லா முறைக்கும் பொதுவாகக் கிடைத்துவிடாது. அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதிகள், வெடிவைப்பாளர் தான் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையிலும் அறிவும் திறமையும் உள்ளவராக இருக்க வேண்டும் என்கின்றன. திரி வைத்துப் பழகியவருக்கு மின்னணு டெட்டனேட்டர் தானாக வந்துவிடாது. குவாரியில் தேர்ந்தவர் நாளைக்கே கட்டட இடிப்புக்கோ நீருக்கடியில் செய்யும் வேலைக்கோ போக முடியாது. போரில் புதைந்து கிடக்கும் வெடிகுண்டுகளை அகற்றும் வேலை முற்றிலும் தனித் துறை. அதற்குச் சர்வதேசக் கண்ணிவெடி நடவடிக்கைத் தரநிலைகள் தனித் தகுதி நிலைகளையே வகுத்திருக்கின்றன. 'வெடி தெரிந்தவர்தானே' என்று யாராவது உங்களை வயலில் கிடைத்த பழைய குண்டுக்கு அருகில் அழைத்தால் போகாதீர்கள்.

நீங்கள் எப்போதாவது கிடங்கிலிருந்து வண்டியில் மருந்து கொண்டுவருகிறீர்களா? அதுவும் சான்றிதழ் வேண்டிய வேலை. ஐக்கிய நாடுகளின் வகைப்பாட்டில் வெடிபொருள்தான் முதலாம் வகுப்பு. ஆபத்தின் தன்மையைப் பொறுத்து 1.1 முதல் 1.6 வரை பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி முதலாம் வகுப்புச் சரக்கை ஓட்டுபவருக்கு அடிப்படைப் பயிற்சியோடு தனிப் பயிற்சியும் வேண்டும். சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும். ஓட்டுநருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களிடம் நான் 1874 அக்டோபர் 2ஆம் தேதி நடந்ததைச் சொல்வதுண்டு. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் கால்வாயில் ஏறத்தாழ ஐந்து டன் வெடிமருந்தோடு போன ஒரு படகு பாலத்துக்கு அடியில் வெடித்துச் சிதறியது. அதில் வெடிமருந்தோடு பெட்ரோலியமும் ஏற்றியிருந்தார்கள். படகில் இருந்த மூவரும் இறந்தார்கள். அவர்களில் யாரும் வெடிவைப்பவர் இல்லை. சரக்கு ஏற்றிப் பிழைத்த படகுக்காரர்கள். மறு ஆண்டே பிரிட்டனில் 1875ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் வந்தது. இந்தியாவின் 1884ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடுத்த பத்தாண்டுக்குள் வந்ததுதான். ஆள் செத்த பிறகுதான் இந்தத் துறையில் பெரும்பாலான விதிகள் எழுதப்பட்டன. படிக்கும்போது ஒரு விதி வேண்டாத தொல்லையாகத் தோன்றினால், இது எதற்காக வந்திருக்கும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு விபத்தின் கதை கிடைக்கும், அதன் பிறகு விதி மறக்காது.

வயதைப் பொறுத்தவரை உங்களுக்குச் சிக்கல் இல்லை. இந்தியாவில் பதினெட்டு வயது நிரம்பாதவரை வெடிபொருள் வேலையில் அமர்த்தக் கூடாது. அமெரிக்காவில் இருபத்தோரு வயதுக்குக் குறைந்தவருக்குக் கூட்டாட்சி உரிமம் கிடையாது. ஜெர்மனியிலும் பொதுவாக இருபத்தொன்று. நீங்கள் எல்லாவற்றையும் தாண்டிவிட்டீர்கள்.

வழக்கு விஷயத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பெரும்பாலான நாடுகள் விண்ணப்பதாரரின் பின்னணியைப் பார்க்கின்றன. ஜெர்மனியில் பயிற்சி வகுப்பில் சேருவதற்கு முன்பே, இவர் மீது ஆட்சேபம் இல்லை என்ற அரசுச் சான்று வேண்டும். அது இல்லாதவரை வகுப்பறைக்குள்ளேயே விடமாட்டார்கள். அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத் தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் வெடிபொருளை வைத்திருக்கவே கூடாது. இந்தியச் சட்டத்தில், வன்முறை சார்ந்த குற்றத்துக்குச் சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தண்டனை முடிந்த பிறகும் சில ஆண்டுகள் உரிமம் மறுக்க இடம் இருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது அபராதத்தோடு முடிந்த பழைய வழக்கு. பதினான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதுவே தடையாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அது பிறகு தெரியவந்தால், வழக்கு மன்னிக்கப்பட்டாலும் பொய் மன்னிக்கப்படாது. தவறான தகவல் தந்ததே சான்றிதழை ரத்து செய்யப் போதுமான காரணம் என்று பல இடங்களில் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் அபராதம் கட்டிய ரசீதையும் இப்போதே வாங்கி வையுங்கள். கேட்பதற்கு முன் நீங்களே இணைத்துக் கொடுங்கள். நான் தேர்வாளராக உட்கார்ந்த காலங்களில், தன் பழைய வழக்கைத் தானே சொன்னவர் மீது என் மதிப்புக் கூடியிருக்கிறதே தவிரக் குறைந்ததில்லை.

குடிப்பழக்கமோ போதைப் பழக்கமோ இருந்தால் இந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது. அதில் எந்த நாட்டிலும் விட்டுக்கொடுப்பு இல்லை.

காது பற்றி. துளையிடுபவர்களில் உங்களைப் போல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை; அந்த இரைச்சலில் காதுக்கவசம் தராதவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உடல்தகுதிச் சான்று பல இடங்களில் கேட்பார்கள். கண், காது, கை நடுக்கம், மயக்கம் வரும் நோய், மனநிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஒரு காது மந்தம் என்பதற்காகவே கதவைச் சாத்திவிடமாட்டார்கள் என்றாலும், வெடிவைப்பாளரின் காது எதற்குத் தேவை என்று நினைத்துப் பாருங்கள். பாதையில் நிறுத்திய காவல் ஆள் வயர்லெஸ்ஸில் 'இருங்கள், ஒரு பையன் ஆட்டை ஓட்டிக்கொண்டு உள்ளே வருகிறான்' என்று கத்தும்போது அது உங்களுக்குக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறார்கள். காது மருத்துவரிடம் முறையான கேட்புத் திறன் பரிசோதனை செய்து அறிக்கை வாங்குங்கள். கருவி வைத்தால் சரியாகும் என்றால் வையுங்கள். ஒவ்வொரு காவல் ஆளும் சொன்னதை நீங்கள் திரும்பச் சொல்லி உறுதி செய்யும் பழக்கத்தையும் இப்போதே தொடங்குங்கள். நன்றாகக் காது கேட்பவர்களும் கைக்கொள்ள வேண்டிய பழக்கம் அது.

அடுத்து ஏஜென்ட். தேர்வு இல்லாமல் வரும் சான்றிதழ் பெரும்பாலும் போலியாக இருக்கும், அல்லது ஏதோ ஒரு நிறுவனத்தின் பயிற்சியில் கலந்துகொண்டதற்கான தாளாக இருக்கும். வெடிபொருள் தயாரிப்பாளர்கள் தங்கள் பொருளைப் பயன்படுத்தக் கற்றுத்தந்து ஒரு தாள் தருவார்கள். அந்தப் பயிற்சி உண்மையிலேயே நல்லது, கிடைத்தால் போங்கள். ஆனால் அது அரசுச் சான்றிதழின் இடத்தை நிரப்பாது. உண்மைச் சான்றிதழில் வழங்கிய அதிகாரியின் பதவி, எண், எந்த வகை வேலைக்கு, எந்த நாள் வரை என்பவை இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி வழங்கிய அலுவலகத்தில் விசாரித்தால் அவர்கள் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். போலிச் சான்றிதழோடு ஒரே ஒரு வெடிப்பை நடத்தினாலும் உங்கள் முதலாளியின் காப்பீடு கைவிரித்துவிடும். உங்கள் பெயரில் வரும் வழக்கு அந்தப் பழைய அடிதடி வழக்கைப் போல அபராதத்தோடு முடியாது. அதன் பிறகு உண்மையான சான்றிதழ் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. தேர்வுக்குப் படிக்கும் சில மாத உழைப்பை மிச்சப்படுத்த இதைப் பணயம் வைக்காதீர்கள்.

சான்றிதழ் கையில் கிடைத்துவிட்டாலும் அது மட்டும் போதாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் குறிப்பிட்ட இடத்தில் வெடிவைக்க நிறுவனம் உங்களை எழுத்துமூலம் நியமிக்க வேண்டும். பிரிட்டனின் குவாரி விதிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில், பாதுகாப்பில்லை என்று நீங்கள் கருதினால் வெடிப்பை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்று இருக்கிறதா பாருங்கள். சம்பளம் எப்படி என்பதையும் பாருங்கள். இந்திய நிலக்கரிச் சுரங்க விதிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு: வெடித்து விழும் கனிமத்தின் அளவைப் பொறுத்துக் கூலி பெறுபவரை வெடிவைப்பாளராக நியமிக்கக் கூடாது. டன் கணக்கில் காசு பெறுகிறவரால் 'இன்று வேண்டாம்' என்று சொல்ல முடியாது. யாரோ ஒருவர் மனித மனத்தை நன்றாகப் புரிந்துகொண்டு எழுதிய விதி அது. உங்கள் முதலாளி சான்றிதழுக்குப் பிறகு 'லோடுக்கு இவ்வளவு' என்று பேசினால், மாதச் சம்பளமே வேண்டும் என்று கேளுங்கள்.

எல்லாம் சரி, இதுவரை செய்த வேலைக்கு ஆதாரம்? உங்கள் பெயர் எங்கேயும் இல்லாததுதான் இப்போது உங்களுக்குப் பெரிய இழப்பு. இன்றே ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். சான்றிதழ் பெற்றவரின் கண்காணிப்பில் நீங்கள் பங்கேற்கும் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு பக்கம். தேதி, நேரம், இடம், வானிலை, துளைகளின் எண்ணிக்கை, ஆழம், இடைவெளி, எந்த வகை மருந்து, எவ்வளவு வந்தது, எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு கிடங்குக்குத் திரும்பியது, அருகிலுள்ள வீட்டின் தூரமும் திசையும், யார் யார் எங்கே காவல் நின்றார்கள், பிறகு குவியல் எப்படி இருந்தது, வெடிக்காதது உண்டா, அதில் நீங்கள் செய்த வேலை என்ன என்று எழுதுங்கள். கீழே அவருடைய கையெழுத்தும் சான்றிதழ் எண்ணும் வேண்டும். நான் குறிப்பிட்ட அமெரிக்க நிலக்கரிச் சுரங்க விதிகளின்படி ஒவ்வொரு வெடிப்பின் பதிவிலும் வெடிவைப்பாளரின் சான்றிதழ் எண் இருக்க வேண்டும்; அந்தப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். 'கண்காணிக்காத நாளுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது' என்று அவர் சொன்னால் அது மிகவும் நல்லது. அன்றிலிருந்து அவர் நின்று பார்க்கத் தொடங்குவார்.

இதைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று நீங்கள் அஞ்சலாம். அந்த அச்சம் நியாயமானது, குடும்பம் இருக்கும். முதலாளியிடம் சண்டையாகக் கொண்டுபோகாமல், 'முறையாகத் தேர்வு எழுதுகிறேன், அதுவரை சான்றிதழ் பெற்றவர் இடத்திலேயே இருக்கட்டும்' என்று சொல்லுங்கள். குவாரியின் உரிமமே இதில் சிக்கியிருக்கிறது என்பதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான முதலாளிகள் காதுகொடுப்பார்கள். பயிற்சிக் கட்டணத்தையும் தேர்வு நாட்களுக்கான விடுப்பையும் அவரிடமே கேளுங்கள். சான்றிதழ் பெற்றவர் ஒருவர் நிரந்தரமாக அவரிடம் இருப்பது அவருக்கும் லாபம். அப்படியும் 'தேர்வும் வேண்டாம், அவரும் வேண்டாம், நீயே செய்' என்று வற்புறுத்தினால், திரும்பவும் துளையிடும் இயந்திரத்துக்கே போகக் கேளுங்கள். கூலி குறைந்தாலும் பரவாயில்லை.

வெளிநாட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாட்டின் வெடிவைப்பாளர் சான்றிதழ் பொதுவாக இன்னொரு நாட்டில் அப்படியே செல்லாது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உரிமம் மாநில அளவில் வழங்கப்படுகிறது. மாநிலம் மாறினாலே அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே போன இடத்தில் உதவியாளராகத் தொடங்கி அந்த நாட்டுச் சட்டத்தைப் படித்துத் தேர்வு எழுத வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே கிளம்புங்கள். 'அங்கே போனதும் ஷாட்ஃபயரர் வேலை' என்று ஆள் அனுப்பும் நிறுவனம் வாக்குத் தந்தால், உரிமம் யார் பெற்றுத் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மொழியும் ஒரு தகுதியே. அமெரிக்கக் கட்டுமான விதிகள் வெடிவைப்பாளர் எழுத்திலும் பேச்சிலும் உத்தரவுகளைப் புரிந்துகொள்ளவும் தரவும் முடிந்தவராக இருக்க வேண்டும் என்கின்றன. கூட இருப்பவர்களின் மொழியில் 'நில்' என்று சத்தமாகச் சொல்லத் தெரியாதவர் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. செல்லும் நாட்டின் மொழியை வேலைக்கு வேண்டிய அளவுக்காவது முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள்.

எல்லை தாண்டி உங்களோடு வருவது அந்த நோட்டுத்தான், பயிற்சித் தாள்களும் பழைய நிறுவனத்தின் அனுபவக் கடிதமும்கூட. அனுபவக் கடிதத்தில் 'பத்து ஆண்டுகள் வேலை செய்தார்' என்று மொட்டையாக எழுதாமல், எந்த வகை வெடிப்பில், எந்தப் பொறுப்பில், யாருடைய கண்காணிப்பில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சான்றிதழுக்குக் காலாவதி உண்டு என்பதையும் மறக்காதீர்கள். ஜெர்மனியில் தகுதிச் சான்று வழக்கமாக ஐந்தாண்டுக்குத்தான். புதுப்பிக்க மறுபயிற்சி வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போது சொந்த நாட்டுச் சான்றிதழ் காலாவதியாகித் திரும்பி வந்து புதிதாகத் தொடங்கியவர்கள் உண்டு. கிளம்பும் முன் புதுப்பிக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். விண்ணப்பம் போடும் முன் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று எடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும், இன்னொன்றில் முழுப் பெயர் என்று இருந்தால் பின்னணிச் சோதனை அங்கேயே நின்றுவிடும். திருத்த வேண்டியிருந்தால் அதை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். தேர்வுக்குப் படிப்பதைவிட அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.